எல் போட்டு ஒரு கோடு

எனக்குக் காது குத்தியது ஒன்பதாவது வயதில். எங்கள் பக்கத்தில் அது முற்றிப்போன வயது. என் வகுப்பில் மற்றப் பெண்கள் எல்லாம் கம்மல், தொங்கட்டான் என்று ஆட்டிக்கொண்டு வருவார்கள். நான் மட்டும் காதில் ஒட்டுகிற ஸ்டிக்கர் தோட்டோடு பள்ளிக்குப் போவேன். மதுரை வெயிலில் அது எவ்வளவு நேரம் நிற்கும்? காலை இடைவேளைக்குள் ஒன்று கழுத்துக்கு இறங்கியிருக்கும், இன்னொன்று எங்கேயாவது விழுந்திருக்கும்.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் என் தாய்மாமன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது முறை. அவரோ பட்டாளத்தில் இருந்தார். நாங்கள் நாள் குறித்தால் அவருக்கு லீவு கிடைக்காது. அவருக்கு லீவு கிடைத்தால் அது எந்த நல்ல காரியமும் செய்யக்கூடாத மாதமாக இருக்கும். வேறு யார் மடியிலாவது வைத்துக் குத்திவிடலாமே என்று சொன்னவர்களோடு அம்மா பேச்சையே நிறுத்திவிடுவாள். அவளுடைய பெற்றோர் அடுத்தடுத்துப் போய்விட்டதால், கல்யாணமாகி வந்த வீட்டுக்கே தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து வளர்த்தவள் அவள். பட்டாளத்தில் சேர்ந்தபோது மாமா எழுதிக் கொடுத்த முகவரியும், கீழக்குயில்குடி போகிற சாலையில் இருக்கும் எங்கள் வீட்டு முகவரிதான்.

முந்தின வருடம் மாமாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அத்தைக்குச் சொந்த ஊர் பேரையூர். மாமா எல்லையில் இருந்ததால் அத்தை பெரும்பாலும் தன் அப்பா வீட்டிலேயே இருந்தாள். அந்த அப்பாவும் பட்டாளக்காரர். சிப்பாயாகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, ஓய்வு பெறும்போது கௌரவ கேப்டன் பட்டத்தோடு ஊர் திரும்பியவர். நான் அவரைக் கேப்டன் தாத்தா என்பேன். அந்தப் பட்டத்தை யாராவது எழுத்தில் தப்பாகப் போட்டால் அவருக்குப் பொறுக்காது. அது அப்பாவுக்குத் தெரிய வந்த விதம்தான் கொஞ்சம் பரிதாபமானது.

அப்பா ஓர் அலுவலகத்தில் கிளார்க். ஆங்கிலத்தில் டிராஃப்ட் எழுதுவதில் மதுரையிலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய எண்ணம். மறுத்துப் பேசும் அளவுக்கு வீட்டில் வேறு யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. மாமாவின் கல்யாணத்துக்கு அவரே வாசகம் எழுதி ஒரு பிளக்ஸ் வைத்திருந்தார். அதில் கேப்டன் என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் ரிட்டயர்டு என்று போட்டு, அதற்கப்புறம் சம்பந்தியின் பெயரைப் போட்டிருந்தார். கேப்டன் தாத்தா மண்டப வாசலிலேயே நின்றுவிட்டார். "ஆளுதான் ரிட்டயர்டு ஆவான் தம்பி, ரேங்க்கு ஆகாது. அதப் பேருக்குப் பின்னால போடணும்" என்றார். பெயிண்ட் வாங்கி வந்து அந்த வார்த்தையை அழித்த பிறகுதான் பெண்ணைப் பெற்றவர் மண்டபத்துக்குள் கால் வைத்தார். அத்தனை பேருக்கு முன்னால் தன் ஆங்கிலத்துக்கு வெள்ளையடித்துவிட்டார்களே என்று அப்பா வெகுநாள் புழுங்கிக்கொண்டிருந்தார்.

அதனால் என் காதணி விழாப் பத்திரிகையை அவர் ஒரு சவாலாகவே எடுத்துக்கொண்டார். சொந்தக்காரர்களுக்குத் தமிழில் ஒரு பத்திரிகை. அலுவலக அதிகாரிகளுக்கும் கேப்டன் தாத்தாவுக்கும் தனியாக ஆங்கிலத்தில் ஒன்று. மாமாவுக்கு அப்போதுதான் முதல் பதவி உயர்வு வந்து, சட்டைக் கையில் ஒரு பட்டை ஏறியிருந்தது. லேன்ஸ் நாயக் என்று அதற்குப் பெயர். தமிழ்ப் பத்திரிகையில் அதைப் போட்டால் நம் ஆட்களுக்கு விளங்காது என்று அப்பா 'இராணுவ வீரர்' என்று எழுதி முடித்துவிட்டார். ஆங்கிலப் பத்திரிகைக்கு மட்டும், முறைப்படி எப்படிப் போடுவது என்று மாமாவிடமே போனில் கேட்டார்.

"எல் போட்டு ஒரு கோடு போடுங்க மச்சான். அப்புறம் பெரிய என், சின்ன கே. புள்ளி கிள்ளி வச்சிராதீக, எங்க மாமனாரு பாத்தாருன்னா அம்புட்டுத்தான்" என்றார் மாமா. அப்பா அப்படியே L/Nk என்று எழுதி, பக்கத்தில் மாமாவின் பெயரையும் எழுதி அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

அச்சடிக்கும் முன் திருத்தம் பார்க்கக் கூப்பிட்டபோது நானும் அவரோடு போயிருந்தேன். அப்பா நேராகக் கேப்டன் தாத்தாவின் வரிக்குப் போனார். ரிட்டயர்டு என்ற வார்த்தை பெயருக்குப் பின்னால், அடைப்புக்குறிக்குள், ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அதை விரலால் தடவிக்கூடப் பார்த்தார். பிறகு தன் பெயரையும் அதற்குப் பின்னால் இருந்த பி.ஏ.வையும் பார்த்தார். திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்த அன்று, ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டி முழுசாக வாசித்தது நான் ஒருத்திதான். மாமாவின் பெயருக்கு முன்னால் Late N. K. என்று இருந்தது. என்.கே. என்றால் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் லேட் எனக்கு ரொம்ப நன்றாகத் தெரிந்த வார்த்தை. நான் படித்த மிஷன் பள்ளியில் மணி அடித்த பிறகு வந்தால், கேட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் நிற்க வைத்து, டைரியில் சிவப்பு மையால் அந்த வார்த்தையைத்தான் எழுதி அனுப்புவார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாமா எல்லாவற்றுக்கும் தாமதமாக வருகிறவர்தான். தன்னுடைய நிச்சயதார்த்தத்துக்கே மறுநாள்தான் வந்து சேர்ந்தார். அதற்காக அதை அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுப்பார்களா?

"மாமா லேட்டாப்பா?" என்று அப்பாவிடம் கேட்டேன். "அவன் என்னைக்கு டயத்துக்கு வந்திருக்கான்" என்று சொல்லிக்கொண்டே, அப்பா அந்தப் பத்திரிகையைக் கேப்டன் தாத்தாவுக்குப் போக வேண்டிய உறைக்குள் வைத்து ஒட்டினார். முகத்தில் அவ்வளவு பெருமை.

பத்திரிகைகள் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும், விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. ரயில் ஏறிவிட்டேன் என்று மாமா போன் செய்ததோடு சரி, அதற்குப் பிறகு அவருடைய போன் கிடைக்கவில்லை. வடக்கிலிருந்து வருகிற ரயிலில் சார்ஜ் போடக்கூட இடம் இருக்காது என்று எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா மண்டபக்காரரைப் பார்க்க சமயநல்லூருக்குப் போயிருந்தார். அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் வாசலில் அடுப்பு மூட்டி முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உடைந்த முறுக்குகளைத் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

தெருவுக்குள் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண்கள், இறங்கின இடத்திலிருந்தே தலையை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு, "எம் மகராசா, போயிட்டியா" என்று அழுதபடி வந்தார்கள். தெருவில் வேறு எந்த வீட்டுக்கோ வந்தவர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர்கள் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கேப்டன் தாத்தா. கொளுத்துகிற வெயிலில் கோட்டுப் போட்டு, நெஞ்சு நிறைய மெடல்களைக் குத்தியிருந்தார். கையில் பெரிய ரோஜா மாலை. எப்போதும் முறுக்கிவிட்டிருக்கும் மீசை எச்சிலும் கண்ணீருமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை.

எல்லோருக்கும் கடைசியாக அத்தை வந்தாள். அவள் அழவில்லை. காலில் செருப்புக்கூட இல்லை. நேராக அம்மாவிடம் வந்து நின்று, தண்ணீர் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"எப்ப தகவல் வந்துச்சு மதினி?"

அம்மா அத்தையைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். கேப்டன் தாத்தாவின் மெடல்களைப் பார்த்தாள். பட்டாளத்து மனிதர் இந்தக் கோலத்தில் வந்திருக்கிறார் என்றால் பட்டாளத்திலிருந்து அவருக்குச் செய்தி வந்திருக்கிறது என்றுதானே அர்த்தம். "எந் தம்பிக்கு என்னாச்சு" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதையும் ஒப்பாரி என்று எடுத்துக்கொண்டு, வேனில் வந்திருந்த பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இன்னும் உரக்க அழுதார்கள். அம்மா அப்படியே சரிந்து மண்ணில் விழுந்தாள்.

வந்தவர்கள், எங்களுக்குச் செய்தி தெரியும் என்று நினைத்தார்கள். அம்மா, அவர்களுக்குத் தெரியும் என்று நினைத்தாள். எதுவும் தெரிந்த ஆள் அந்த வாசலில் ஒருவர்கூட இல்லை. இதை இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அப்படி இல்லை. யாரோ ஒரு பெண் என்னைத் தன் மடியில் இழுத்துப்போட்டு, "ஒனக்கு மடி குடுக்க ஆளில்லாமப் போச்சே" என்று என் காதைத் தடவித் தடவி அழுதாள். மாமா செத்துப்போய்விட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுப்பில் முறுக்கு கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்த நேரத்தில்தான் அப்பா வண்டியில் வந்து இறங்கினார். வாசலில் கூட்டம், மாலை, மண்ணில் கிடக்கும் அம்மா. வண்டியை ஸ்டாண்டு போடாமலே விட்டுவிட்டு ஓடி வந்தார். வண்டி பின்னால் தொப்பென்று விழுந்தது. கேப்டன் தாத்தா அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"காது குத்து முடியட்டும்னு மறச்சு வச்சிருந்தீகளா தம்பி? மாப்ள போனும் கெடைக்கல. காலையில இருந்து ஒங்களுக்குப் போன் அடிக்கிறேன், ஏன் எடுக்கல?"

"வண்டியிலயும் மண்டபத்துலயுமா இருந்தேன், கேக்கல. எத மறச்சோம்?" என்றார் அப்பா.

"தகவல் வந்தா இந்த வீட்டுக்குத்தான் வரும்னு எனக்குத் தெரியாதா? அங்க அவரு ரெக்கார்டுல அக்கா பேருதான இருக்கு. பொண்டாட்டி பேர மாத்திக் குடுங்க மாப்ளன்னு கல்யாணத்தன்னைக்கே சொன்னேன். அடுத்த லீவுக்குப் பாப்போம்னாரு."

அத்தை சட்டென்று தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் எதற்கு அப்படிப் பார்த்தாள் என்று கவனிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. கேப்டன் தாத்தா கோட்டுப் பைக்குள் கையை விட்டு எங்கள் ஆங்கிலப் பத்திரிகையை எடுத்து அப்பாவின் மூஞ்சிக்கு நேரே நீட்டினார். "நீங்களே அச்சடிச்சு அனுப்பிட்டு, எதன்னு கேட்டா என்ன அர்த்தம்?"

அப்பா வாசித்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. இத்தனை களேபரத்தில் எனக்குத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். "மாமா லேட்டுன்னுதான் அதுல போட்டிருக்கு. நான் அன்னைக்கே அப்பாட்ட கேட்டேன்" என்றேன்.

அழுகை நின்றது. கேப்டன் தாத்தா என்னைப் பார்த்தார், பத்திரிகையைப் பார்த்தார், கடைசியில் அப்பாவைப் பார்த்தார். "நீங்க என்ன எழுதிக் குடுத்தீக?" என்று கேட்டார். அப்பா பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப்போல, "எல் போட்டு ஒரு கோடு. பெரிய என், சின்ன கே. புள்ளி வைக்கல" என்றார்.

"லேன்ஸ் நாயக்" என்று கேப்டன் தாத்தா தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா அங்கேயே நின்று அச்சகத்துக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் இருந்த மனிதருக்கு ஒரு குற்றவுணர்வும் இல்லை. எல் போட்டுக் கோடு போட்டால் காலமானவர் என்றுதானே அர்த்தம், எல்லோரும் அப்படித்தானே எழுதிக் கொடுக்கிறார்கள், என்.கே. இனிஷியல், நீங்கள் புள்ளியை விட்டுவிட்டீர்கள், நானே பார்த்து வைத்தேன் என்று சொல்லியிருக்கிறார். புள்ளி வைத்ததற்கு நன்றியை எதிர்பார்த்தாரோ என்னவோ.

என்னை இன்னும் திகைக்க வைப்பது அதற்குப் பிறகு நடந்ததுதான். கேப்டன் தாத்தா பையிலிருந்து பேனாவை எடுத்து, பத்திரிகையை முழங்காலில் வைத்து, லேட்டை அடித்துவிட்டு, சரியான முறையில் திருத்தி எழுதினார். ரேங்க் எப்போதும் பெயருக்கு முன்னால், சுருக்கத்தில் புள்ளி கிடையாது, எழுத்துகளுக்கு நடுவே இடம் விடக்கூடாது என்று அப்பாவுக்குப் பாடம் வேறு நடத்தினார். பேனா முள் இரண்டு இடத்தில் அட்டையைக் கிழித்தது. மருமகன் செத்துப்போனார் என்று மாலையோடு வந்தவர் கண்ணீர் காய்வதற்குள் இலக்கணம் நடத்துகிறாரே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுதி முடித்ததும் அவர் பார்வை அடுத்த வரிக்குப் போனது. அது அவருடைய பெயர் இருந்த வரி. "இது கரெக்டா இருக்கு" என்றார். அப்பா வெகுநாளாகக் காத்திருந்த வார்த்தை அது. பாவம், அதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற நிலையில் அவர் இல்லை.

ஆனால் அம்மா எதையும் நம்பவில்லை. பத்திரிகையில் நடந்த தப்பு தப்பாகவே இருக்கட்டும், அவன் போன் ஏன் கிடைக்கவில்லை என்றாள். தம்பியின் குரலைக் கேட்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டாள். அப்படிச் சொன்ன பிறகு வந்தவர்கள் மட்டும் எப்படிக் கிளம்புவார்கள்? எல்லோரும் வாசலிலேயே உட்கார்ந்தோம். மாலையை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று யாரோ சொல்ல, வேன் டிரைவர் அதை எடுத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போனார். அத்தை சுவரில் சாய்ந்து, கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.

உச்சி வெயில் தாழ்ந்த பிறகு அப்பாவின் போன் அடித்தது. தெரியாத எண். அப்பா எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், நாக்பூரு தாண்டியாச்சு. எம் போனு செத்துப்போச்சு, பக்கத்து சீட்டுக்காரருகிட்ட வாங்கிப் பேசுறேன்" என்று மாமாவின் குரல் வந்ததும் வாசலில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் அழுதார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு மாமா பதறிவிட்டார். "யாரு அழுகுறது? அக்காவுக்கு என்னாச்சு மச்சான்?" என்று கத்தினார். அக்காவுக்கு ஒன்றும் இல்லை, இறந்தது நீதான் என்று அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் அப்பாவுக்கு வேர்த்துவிட்டது.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "பட்டாளத்துல ஒரு படிதான் ஏத்திவிட்டாக. நீங்க ஒரேயடியா மேல அனுப்பிட்டீகளே மச்சான்" என்றார். அந்தச் சிரிப்பு வாசல் முழுக்கத் தொற்றிக்கொண்டது. அழுது வீங்கிய முகங்களோடு எல்லோரும் சிரித்தார்கள். கேப்டன் தாத்தாகூட மீசையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அம்மா போனை வாங்கி, "சாப்பிட்டியாடா, சாப்பிட்டியாடா" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு, "இந்தா தாயி, நீ பேசு" என்று அத்தையிடம் கொடுத்தாள். ஸ்பீக்கரை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அத்தை நலம் விசாரிக்கவில்லை. எழுந்து நின்று, சேலையைச் சரி செய்துகொண்டு, "நெசமாவே ஒங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா மொதல்ல யாருக்குச் சொல்லுவாக?" என்று கேட்டாள்.

மாமா இன்னும் சிரிப்பிலிருந்து இறங்கவில்லை. "இதென்ன கேள்வி? அக்காவுக்குத்தான். அவுக பேரத்தான குடுத்து வச்சிருக்கேன்" என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்டீர்களா என்பதுபோல எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். காலையிலிருந்து அப்போதுதான் அவள் முகத்தில் உயிர் வந்தது. அத்தை, "சரி, பாத்து வாங்க" என்றாள். போனை அம்மாவிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் மாமாவோடு கம்மல் பற்றியும், குத்தும்போது வலிக்குமா என்பது பற்றியும், பக்கத்து சீட்டுக்காரர் போனைத் திருப்பிக் கேட்கும்வரை பேசினேன்.

பேசி முடித்துப் பார்த்தபோது, அத்தை அணைந்த அடுப்புக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கருகின முறுக்குகளைச் சட்டியிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தாள். வாயைச் சேலையால் பொத்தியிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. காலையில் அத்தனை பேர் கதறியபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், மாமா உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த பிறகு எதற்காக இப்படி அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

"சந்தோசத்துல அழுகுறா. விடு" என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.